ஊர் ஊராக அலைந்த மகுடம்

உலக மகளிர் டென்னிஸின் ஆண்டுக் கணக்கு, அந்த ஆண்டில் மிகச் சிறப்பாக ஆடிய எட்டு வீராங்கனைகள் மட்டும் மோதும் ஓர் ஒற்றையர் போட்டியுடன் முடிகிறது. மகளிர் டென்னிஸ் சங்கம், சுருக்கமாக டபிள்யூ.டி.ஏ., தன் பெயரிலேயே நடத்தும் இந்த ஆண்டிறுதிப் போட்டி இன்று ‘டபிள்யூ.டி.ஏ. ஃபைனல்ஸ்’ என்று அழைக்கப்படுகிறது. விம்பிள்டன் உள்ளிட்ட நான்கு கிராண்ட்ஸ்லாம் போட்டிகளுக்குப் புகழில் இது ஈடாகாது என்றாலும், வீராங்கனைகளுக்கு அவற்றைவிட நெருக்கமானது. ஏனெனில் கிராண்ட்ஸ்லாம் போட்டிகள் அந்தந்த நாட்டு டென்னிஸ் அமைப்புகளுக்கோ மன்றங்களுக்கோ உரியவை, ஆண்டிறுதிப் போட்டியோ வீராங்கனைகளின் சொந்தச் சுற்றுக்கு உச்சியாக அவர்களுக்கென்றே உருவாக்கப்பட்டது. விம்பிள்டனுக்குப் புல்தரையும் பாரிஸுக்குச் செம்மண் களமும் தலைமுறைகளாக நிலைத்திருக்க, இந்தப் போட்டிக்கு மட்டும் நிலையான இடம் வாய்க்கவில்லை. 1972-க்கும் 2025-க்கும் இடையில் அது 14 நகரங்களில் நடந்திருக்கிறது. ஒவ்வொரு முறையும் அது ஏன் இடம் பெயர்ந்தது என்று கேட்டுக்கொண்டே போனால், மகளிர் டென்னிஸுக்கு யார் பணம் கொடுத்தார்கள், எதற்காகக் கொடுத்தார்கள், அதற்கு ஈடாக என்ன பெற்றார்கள் என்ற வரலாறு முழுவதும் கண்முன் விரிகிறது.

ஒரு டாலர் ஒப்பந்தம்

1968-ல் டென்னிஸ் ‘ஓபன்’ காலத்துக்குள் நுழைந்தது. அதாவது பணம் பெறாமல் ஆடும் அமெச்சூர்களும் ஆட்டத்தையே தொழிலாகக் கொண்டவர்களும் ஒரே போட்டியில் மோதலாம் என்று விதி தளர்த்தப்பட்டது. அதனால் பெருகிய பரிசுத்தொகை ஆண்களின் பக்கமே சாய்ந்தது. 1970-ல் லாஸ் ஏஞ்சல்ஸில் நடக்கவிருந்த பசிபிக் சவுத்வெஸ்ட் போட்டியில் ஆண்கள் பிரிவின் வெற்றியாளருக்கு 12,500 டாலரும் பெண்கள் பிரிவின் வெற்றியாளருக்கு 1,500 டாலரும் அறிவிக்கப்பட்டன. காலிறுதியை எட்டாத பெண்களுக்கு ஒன்றுமே கிடையாது. போட்டியை நடத்தியவர் முன்னாள் விம்பிள்டன் வெற்றியாளரான ஜேக் கிரேமர். வீராங்கனைகள் முறையிட்டும் அவர் இறங்கிவரவில்லை. ‘வேர்ல்ட் டென்னிஸ்’ இதழின் நிறுவனரான கிளாடிஸ் ஹெல்ட்மேன் அப்போது எடுத்த முடிவு, மன்றாடுவதை விட்டுவிட்டுப் பெண்களுக்கென்று தனிப் போட்டியையே உருவாக்குவது. டெக்சாஸ் மாநிலத்தின் ஹூஸ்டன் நகரில், மொத்தப் பரிசு 7,500 டாலருடன், செப்டம்பர் மாதத்தில் அந்தப் போட்டி நடந்தது. அதில் ஆடினால் இடைநீக்கம் செய்வோம் என்று அமெரிக்க டென்னிஸ் அமைப்பு எச்சரித்திருந்த நிலையில், பில்லி ஜீன் கிங், ரோசி கசால்ஸ், நான்சி ரிச்சி, ஆஸ்திரேலியாவின் ஜூடி டால்டன், கெர்ரி மெல்வில் உள்ளிட்ட ஒன்பது பேர் ஹெல்ட்மேனுடன் ஆளுக்கு ஒரு டாலருக்கு ஒப்பந்தம் செய்துகொண்டனர். இறுதியாட்டத்தில் டால்டனை வென்று கசால்ஸ் பட்டம் பெற்றார். அந்த ஒன்பது பேரையும் சர்வதேச டென்னிஸ் புகழ் மண்டபம் 2021-ல் ஒரே குழுவாகச் சேர்த்துப் பெருமைப்படுத்தியது.

ஹூஸ்டன் போட்டியின் பெயரில் ‘வர்ஜீனியா ஸ்லிம்ஸ்’ என்ற சொற்கள் இருந்தன. அது, பெண்களை நோக்கி பிலிப் மோரிஸ் நிறுவனம் 1968-ல் சந்தையில் இறக்கிய சிகரெட். அமெரிக்கத் தொலைக்காட்சியிலும் வானொலியிலும் சிகரெட் விளம்பரம் 1971 ஜனவரி முதல் சட்டப்படி தடை செய்யப்பட்டதால், புகையிலை நிறுவனங்களுக்கு வேறு விளம்பர வழி தேவைப்பட்டது. ஆண்களின் நிர்வாகம் கைவிட்ட வீராங்கனைகளுக்கோ பணம் தேவைப்பட்டது. இந்த இரண்டு தேவைகளும் சந்தித்த இடத்தில்தான் மகளிர் தொழில்முறை டென்னிஸ் பிறந்தது என்பதை மறைத்து எழுதும் வரலாறு முழுமையாகாது. நுரையீரலைக் கெடுக்கும் பொருளின் பெயரைச் சுமந்துதான் மூச்சையே முதலாகக் கொண்ட ஓர் ஆட்டம் வளர்ந்தது. அந்தப் பணம் இல்லாதிருந்தால் 1971-ல் தனிச் சுற்று உருவாகியிருக்காது. அந்தச் சுற்று இல்லாதிருந்தால் அதே ஆண்டில் பில்லி ஜீன் கிங், ஓராண்டில் ஒரு லட்சம் டாலருக்கு மேல் பரிசு ஈட்டிய முதல் விளையாட்டு வீராங்கனை ஆகியிருக்கவும் முடியாது. யாருடைய பணத்தை ஏற்பது என்ற கேள்வி மகளிர் டென்னிஸுக்குப் பிற்காலத்தில் வந்து சேர்ந்ததன்று, அதன் பிறப்பிலேயே ஒட்டியிருந்தது என்பதை, பின்னால் ஷென்சென், ரியாத் பற்றிப் பேசும்போது நினைவில் வைக்க வேண்டியிருக்கிறது.

அந்தச் சுற்றின் முதல் ஆண்டிறுதிப் போட்டி 1972-ல் ஃபுளோரிடாவின் போகா ராட்டனில் நடந்தது. மொத்தப் பரிசு ஒரு லட்சம் டாலர். இறுதியில் கெர்ரி மெல்வில்லை 7-5, 6-4 என்று வென்ற கிறிஸ் எவர்ட்டுக்கு அப்போது வயது 17. இன்னும் அமெச்சூராகவே இருந்ததால், வெற்றியாளருக்குரிய 25,000 டாலரை அவர் பெற்றுக்கொள்ளவில்லை. அடுத்த ஆண்டு ஜூன் மாதத்தில், விம்பிள்டன் தொடங்குவதற்குச் சற்று முன்பு, லண்டன் விடுதி ஒன்றில் கூடிய வீராங்கனைகள் டபிள்யூ.டி.ஏ.-வை நிறுவினர். ஆண்டிறுதிப் போட்டி அதன்பின் லாஸ் ஏஞ்சல்ஸ், நியூயார்க், ஓக்லாந்து என்று சில ஆண்டுகள் சுற்றிவிட்டு, 1979-ல் நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கில் வந்து நின்றது.

நியூயார்க்கில் ஐந்து செட்

1979 முதல் 2000 வரை அந்த அரங்கே இப்போட்டியின் இருப்பிடமாக இருந்தது; இன்றுவரை அது பெற்ற மிக நீண்ட நிலைத்தன்மையும் அதுவே. விளம்பரப் பெயர் ஏவான், வர்ஜீனியா ஸ்லிம்ஸ், சேஸ் என்று மாறிக்கொண்டிருந்தாலும் நகரம் மாறவில்லை. சுற்றின் கடைசி வாரம் கார்டனில்தான் என்று நியூயார்க் ரசிகர்கள் பழகிப்போனார்கள். மார்ட்டினா நவ்ரதிலோவா இப்போட்டியில் வென்ற எட்டு ஒற்றையர் பட்டங்களுள் முதலாவதைத் தவிர மற்ற ஏழும் இங்கே கிடைத்தவை. அவற்றுள் இரண்டு ஒரே ஆண்டில், 1986-ல் வந்தவை, ஏனெனில் அந்த ஆண்டில் போட்டி மார்ச்சிலிருந்து நவம்பருக்கு மாற்றப்பட்டதால் இருமுறை நடந்தது. ஸ்டெபி கிராபின் ஐந்து பட்டங்களும் மோனிகா செலஸின் மூன்று பட்டங்களும் இதே தளத்தில் வந்தவையே.

நியூயார்க் காலத்தில் இப்போட்டி செய்த துணிச்சலான காரியம் ஒன்று, இன்று பலருக்கும் மறந்துபோயிருக்கிறது. பெண்கள் டென்னிஸில் மூன்று செட்களில் இரண்டை வெல்பவரே வெற்றியாளர். கிராண்ட்ஸ்லாம் போட்டிகளில் ஆண்கள் ஐந்து செட்களில் மூன்றை வெல்ல வேண்டும். செட் என்பது குறைந்தது ஆறு கேம்களை, இரண்டு கேம் வித்தியாசத்தில் வெல்லும் ஒரு பகுதி; ஆறுக்கு ஆறு என்று சமநிலை வந்தால் டை-பிரேக் எனும் குறும்பகுதி முடிவு செய்யும். இந்த மூன்று செட், ஐந்து செட் வேறுபாடு இயற்கையானது என்று எண்ணப்படுவதற்கு வரலாற்றில் ஆதாரம் இல்லை. அமெரிக்க தேசியப் போட்டியின் பெண்கள் இறுதியாட்டம் 1891 முதல் 1901 வரை ஐந்து செட்களுக்கே ஆடப்பட்டது. 1901-ல் எலிசபெத் மூர், மிர்ட்டில் மெக்கட்டீரை முழு ஐந்து செட்களில் வென்ற பிறகே ஆட்டம் மூன்று செட்களாகக் குறைக்கப்பட்டது. அந்த மாற்றத்தை விரும்பாதவர்களுள் வென்ற மூரும் ஒருவர்.

1984 முதல் 1998 வரை, ஆண்டிறுதிப் போட்டியின் இறுதியாட்டம் மட்டும் மீண்டும் ஐந்து செட்களுக்கு ஆடப்பட்டது. முதல் சில ஆண்டுகள் எந்த இறுதியாட்டமும் ஐந்தாவது செட்டை எட்டவில்லை. 1990 நவம்பரில் யுகோஸ்லாவியாவின் மோனிகா செலஸும் அர்ஜென்டினாவின் கேப்ரியலா சபாட்டினியும் மோதியபோது, 6-4, 5-7, 3-6, 6-4, 6-2 என்று ஆட்டம் 3 மணி 47 நிமிடம் நீண்டது. வென்ற செலஸுக்கு அப்போது வயது 16. மூருக்கும் மெக்கட்டீருக்கும் பிறகு 89 ஆண்டுகள் கழித்து, பெண்கள் ஐந்து செட்கள் ஆடிய முதல் பெரும் ஆட்டம் அது. பெண்ணின் உடல் அவ்வளவு நேரம் தாங்காது என்று சொல்லிவந்தவர்களுக்கு அந்தக் கடைசி இரண்டு செட்களே போதுமான பதில்: இரண்டு செட்களைப் பறிகொடுத்துப் பின்தங்கியிருந்த பதினாறு வயதுப் பெண், நான்காம் மணி நேரத்தை நெருங்கும்போதுதான் ஆட்டத்தைத் தன் கைக்குள் கொண்டுவந்தார்.

அதன் பிறகு 1995-ல் ஸ்டெபி கிராப், சக ஜெர்மானியரான அன்கே ஹூபரையும், 1996-ல் மார்ட்டினா ஹிங்கிஸையும் ஐந்து செட்களில் வென்று அந்த வரிசையில் சேர்ந்தார். 1996 ஆட்டத்தின் கடைசி செட் 6-0. தசைப்பிடிப்பால் ஹிங்கிஸ் நடக்கவே திணறினார். மொத்தத்தில் மூன்று இறுதியாட்டங்களே முழு நீளத்தை எட்டிய நிலையில், 1999-ல் மீண்டும் மூன்று செட் முறைக்கே போட்டி திரும்பியது. சம பரிசு கேட்பவர்களிடம் சம நேரம் ஆடுகிறார்களா என்று இன்றும் எழுப்பப்படும் கேள்விக்கு, ஆடத் தயாராக இருந்தார்கள், ஆடியும் காட்டினார்கள் என்று பதில் சொல்லும் பதினைந்து ஆண்டுகள் மகளிர் டென்னிஸிடம் உண்டு. அந்தப் பதினைந்து ஆண்டுகளை டபிள்யூ.டி.ஏ. உரத்துச் சொல்லாமல் விட்டது வருந்தத்தக்கது.

தோற்றவருக்கும் வழி திறக்கும் முறை

2001-ல் போட்டி ஜெர்மனியின் மியூனிக்குக்குக் கொண்டுபோகப்பட்டது. கிராப் ஓய்வுபெற்றுவிட்ட நாட்டில் அரங்கு நிரம்பவில்லை. இறுதியாட்டத்துக்கு முன் முழங்கால் காயத்தால் லிண்ட்சே டேவன்போர்ட் விலக, செரீனா வில்லியம்ஸ் ஒரு பந்தும் அடிக்காமல் பட்டம் பெற்றார். ஒரே ஆண்டில் ஜெர்மனியை விட்டு லாஸ் ஏஞ்சல்ஸுக்குப் போட்டி நகர்ந்தது. அங்கே நான்கு ஆண்டுகள், பின்னர் மாட்ரிட்டில் இரண்டு ஆண்டுகள்.

லாஸ் ஏஞ்சல்ஸ் காலத்தில், 2003-ல், இன்றுள்ள வடிவம் வந்தது. வழக்கமான டென்னிஸ் போட்டி நாக்-அவுட் முறையில் நடப்பது. ஒருமுறை தோற்றவர் வெளியேறிவிடுவார். இங்கே எட்டுப் பேரும் நான்கு நான்கு பேராக இரண்டு பிரிவுகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொருவரும் தம் பிரிவில் உள்ள மற்ற மூவருடனும் ஆடுகின்றனர்; பிரிவுக்கு இருவர் அரையிறுதிக்குச் செல்கின்றனர். கிரிக்கெட் ரசிகர்கள் நன்கறிந்த இந்த லீக் முறையில், வெற்றிகள் சமமாக நின்றால் நேருக்கு நேர் முடிவு, வென்ற செட்களின் விகிதம், வென்ற கேம்களின் விகிதம் என்று கணக்கு நுணுகிக்கொண்டே போகும். இன்றைய முறைப்படி ஒவ்வொரு லீக் வெற்றிக்கும் 200 தரவரிசைப் புள்ளிகள், அரையிறுதி வெற்றிக்கு 400, இறுதி வெற்றிக்கு 500. ஆகவே தோல்வியே காணாமல் பட்டம் வெல்பவர் 1,500 புள்ளிகள் பெறுவார். கிராண்ட்ஸ்லாம் பட்டத்துக்கு 2,000 புள்ளிகள் என்பதோடு ஒப்பிட்டால், ஐந்தே ஆட்டங்களுக்கு இது எவ்வளவு பெரிய மதிப்பு என்பது விளங்கும்.

இந்த முறையின் விசித்திரமான அழகு 2014-ல் சிங்கப்பூரில் வெளிப்பட்டது. லீக் ஆட்டத்தில் ருமேனியாவின் சிமோனா ஹாலெப், செரீனா வில்லியம்ஸை 6-0, 6-2 என்று நொறுக்கினார். செரீனா தப்பிப்பது அதன்பின் அவர் கையில் இல்லை. கடைசி லீக் ஆட்டத்தில் ஹாலெப்பை அனா இவானோவிச் இரண்டே செட்களில் வென்றால் செரீனா வெளியேற வேண்டும். ஹாலெப் ஒரு செட் எடுத்தால் செரீனா பிழைப்பார். அரையிறுதி இடத்தை ஏற்கெனவே உறுதி செய்திருந்த ஹாலெப், அந்த ஆட்டத்தில் தோற்றாலும் இரண்டாவது செட்டை வென்றார். அந்த ஒரு செட்டால் உள்ளே வந்த செரீனா, இறுதியாட்டத்தில் அதே ஹாலெப்பை 6-3, 6-0 என்று வீழ்த்தி, தம் ஐந்தாவது ஆண்டிறுதிப் பட்டத்தைப் பெற்றார். தன்னை முடித்துவிடக்கூடிய எதிராளியைத் தன் கையாலேயே காப்பாற்றிய ஹாலெப்பின் நேர்மை, பட்டம் வென்றவரின் பெயருக்கு நிகராகப் பதிவுசெய்யத் தக்கது. அடுத்த ஆண்டு போலந்தின் அக்னீஸ்கா ரத்வான்ஸ்கா முதல் இரண்டு லீக் ஆட்டங்களிலும் தோற்று, மூன்றாவதை வென்று, பட்டமும் வென்றார். 2016-ல் ஸ்லோவாக்கியாவின் டொமினிகா சிபுல்கோவா அதையே திரும்பச் செய்தார். நாக்-அவுட் முறையில் நடக்கும் எந்தப் பெரும் டென்னிஸ் போட்டியிலும் இருமுறை தோற்றவர் கோப்பையைத் தூக்க முடியாது.

எட்டுப் பேரில் ஒருவராக வருவதும் எளிதன்று. ஜனவரி முதல் சேரும் புள்ளிகளின் தனிப் பட்டியல் அக்டோபர் இறுதியில் முடியும்போது, கடைசி ஓரிரு இடங்களுக்காகச் சிறு நகரங்களின் உள்ளரங்குகளில் ஓட்டப்பந்தயமே நடக்கும். 2021-ல் எஸ்தோனியாவின் அனெட் கொண்டாவெயிட், ருமேனியாவின் க்ளுஜ் நகரில் கடைசி வாரத்தில் பட்டம் வென்று, துனிசியாவின் ஓன்ஸ் ஜபேரைப் பின்தள்ளி உள்ளே வந்தார். வந்தவர் இறுதியாட்டம் வரை சென்றார். அந்தந்த ஆண்டின் கிராண்ட்ஸ்லாம் வெற்றியாளர், புள்ளிப் பட்டியலில் சற்றுப் பின்தங்கியிருந்தாலும் எட்டாவது இடத்தை அவருக்கு ஒதுக்கும் விதியும் உண்டு. 2024-ல் விம்பிள்டன் வென்ற பார்போரா கிரெஜ்சிகோவா அவ்விதியால் இடம்பெற்று அரையிறுதியை எட்டினார்.

2008 முதல் மூன்று ஆண்டுகள் கத்தாரின் தோஹா, 2011 முதல் மூன்று ஆண்டுகள் துருக்கியின் இஸ்தான்புல், 2014 முதல் ஐந்து ஆண்டுகள் சிங்கப்பூர் என்று போட்டி கிழக்கு நோக்கி நகர்ந்தது. ஒவ்வொரு நகரமும் முந்தையதைவிடக் கூடுதலாகக் கொடுத்தது. இந்திய ரசிகர்களுக்குச் சிங்கப்பூர் காலம் தனி நினைவு: ஒற்றையரோடு சேர்ந்தே நடக்கும் இரட்டையர் பிரிவில் சானியா மிர்சா 2014-ல் ஜிம்பாப்வேயின் காரா பிளாக்குடனும், 2015-ல் மார்ட்டினா ஹிங்கிஸுடனும் சேர்ந்து பட்டம் வென்றார்.

ஷென்சென்: ஏற்றமும் முறிவும்

சீனாவின் லீ நா 2011-ல் பிரெஞ்சு ஓபனை வென்று, கிராண்ட்ஸ்லாம் ஒற்றையர் பட்டம் பெற்ற முதல் ஆசிய நாட்டவர் ஆனதிலிருந்து, டபிள்யூ.டி.ஏ. சீனாவின் பக்கம் வேகமாகச் சாய்ந்தது. 2019-ல் அந்நாட்டில் மட்டும் ஒன்பது மகளிர் போட்டிகள் நடந்தன. அவற்றின் சிகரமாக, ஆண்டிறுதிப் போட்டியைப் பத்து ஆண்டுகளுக்கு ஷென்சென் நகரம் பெற்றது. மொத்தப் பரிசு ஒரே தாவலில் 1.4 கோடி டாலர் ஆனது. அந்த ஆண்டு உக்ரைனின் எலினா ஸ்விட்டோலினாவை 6-4, 6-3 என்று வென்ற ஆஸ்திரேலியாவின் ஆஷ்லி பார்ட்டி பெற்ற 44.2 லட்சம் டாலர், ஆண்கள் பெண்கள் இருபாலரிலும் அதுவரை டென்னிஸ் போட்டி ஒன்றில் வழங்கப்பட்ட மிகப்பெரிய பரிசு. ஹூஸ்டனில் ஒன்பது பேர் கையெழுத்திட்டு அரை நூற்றாண்டுகூட ஆகாத நிலையில், பரிசுத்தொகையில் பெண்கள் ஆண்களை முந்திய நாள் அது. அந்தப் பத்து ஆண்டு ஒப்பந்தத்தின் கீழ் நடந்த ஒரே போட்டியும் அதுவாகவே முடிந்தது.

2020-ல் பெருந்தொற்று காரணமாகப் போட்டி நடக்கவில்லை. 2021-ல் சீன எல்லைகள் மூடியிருந்ததால் மெக்சிகோவின் குவாதலஹாராவுக்கு மாற்றப்பட்டது. அந்தப் போட்டி தொடங்குவதற்குச் சில நாட்கள் முன்பு, நவம்பர் 2 அன்று, சீன வீராங்கனையும் இரட்டையர் பிரிவின் முன்னாள் முதல்நிலை ஆட்டக்காரருமான பெங் சுவாய், சீனாவின் முன்னாள் துணைப் பிரதமர் ஜாங் காவ்லி தம்மை உறவுக்கு வற்புறுத்தினார் என்று பொருள்படும் நீண்ட பதிவு ஒன்றைச் சமூக வலைத்தளத்தில் வெளியிட்டார். அரை மணி நேரம் போல நின்ற அந்தப் பதிவு நீக்கப்பட்டது. பெங்கும் பொதுவெளியில் சில வாரங்கள் தென்படவில்லை. பின்னர் தோன்றிய அவர், தம் பதிவு தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டது என்று கூறினார். ஒளிவுமறைவற்ற விசாரணையும், கண்காணிப்பின்றிப் பெங்குடன் பேசும் வாய்ப்பும் வேண்டுமென்று கேட்ட டபிள்யூ.டி.ஏ., அவை கிடைக்காததால் டிசம்பர் 1 அன்று சீனாவில் தன் எல்லாப் போட்டிகளையும் நிறுத்திவைத்தது.

பெரும் பணத்தை இழப்போம் என்று தெரிந்தே, ஒரு பெண்ணின் சொல்லுக்காக ஓர் உலக விளையாட்டு அமைப்பு எழுந்து நின்ற அரிய தருணம் அது. பல நாடுகளின் அரசுகளும் வேறு பல விளையாட்டு அமைப்புகளும் சொல்லத் தயங்கியதை அது சொன்னது. ஒன்பது பேரின் மரபுக்கு அது முழுத் தகுதி உடையதாக இருந்தது அப்போதுதான். அந்த நிலைப்பாடு 16 மாதங்கள் நீடித்தது. 2023 ஏப்ரலில், தன் கோரிக்கைகள் நிறைவேறவில்லை, நிறைவேறும் என்ற நம்பிக்கையும் இல்லை என்று ஒப்புக்கொண்டே, டபிள்யூ.டி.ஏ. சீனாவுக்குத் திரும்ப முடிவு செய்தது. திரும்பியதற்காக மட்டும் அதைக் குறை சொல்வது எளிது. அந்த 16 மாதங்களிலும் அது தனியாகவே நின்றது என்பதையும், நின்றதற்கான விலையை வீராங்கனைகள்தாம் தம் பரிசுத்தொகையில் கொடுத்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்வதே நியாயம்.

சீனப் பணம் இல்லாத ஆண்டுகளின் இழப்பை எண்களே காட்டுகின்றன. 2019-ல் 1.4 கோடி டாலராக இருந்த மொத்தப் பரிசு, குவாதலஹாராவில் 50 லட்சம் ஆகச் சரிந்தது. கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரத்தில், பந்து வழக்கத்தைவிட வேகமாகப் பறக்கும் அந்த நகரில், ஸ்பெயினின் கார்பின் முகுருசா பட்டம் வென்றார். உற்சாகம் பொங்கிய மெக்சிகோ ரசிகர்கள் அந்த வாரத்தைக் காப்பாற்றினர். 2022-ல் டெக்சாஸின் ஃபோர்ட் வொர்த் நகரம் போட்டிக்கு இரண்டு மாதங்கள் முன்புதான் அறிவிக்கப்பட்டது. கரோலின் கார்சியா வென்ற அந்த ஆண்டில் பரிசு மீண்டும் 50 லட்சம் டாலர், பல நாட்கள் இருக்கைகள் வெறிச்சோடிக் கிடந்தன. அதே ஆண்டு ஆண்களின் ஆண்டிறுதிப் போட்டி இத்தாலியின் டூரினில் 1.475 கோடி டாலர் பரிசுடன் நடந்தது. ஆண்களின் போட்டி லண்டனில் 12 ஆண்டுகள் தொடர்ந்து இருந்துவிட்டு டூரினுக்குப் போனது. அதற்கு நகரம் தேடி அலைய வேண்டிய நிலை வரவில்லை.

2023-ல் நேர்ந்தது மிக மோசம். சவூதி அரேபியாவுடன் பேச்சு நடந்து, முடிவு எட்டாமல், செப்டம்பரில்தான் மெக்சிகோவின் கான்கூன் தேர்ந்தெடுக்கப்பட்டது. கடற்கரை விடுதி ஒன்றின் வளாகத்தில் தற்காலிக அரங்கம் அவசரமாக எழுப்பப்பட, வீராங்கனைகளுக்கு முதன்மைக் களத்தில் பயிற்சி பெறப் போட்டிக்கு முந்தைய நாள்தான் வழி கிடைத்தது. காற்றும் மழையும் நாள்தோறும் ஆட்டத்தைக் குலைத்தன. அப்போது உலகின் முதல்நிலை வீராங்கனையாக இருந்த பெலாரஸின் அரினா சபலென்கா, அந்தக் களத்தில் நகர்வதே பாதுகாப்பாக இல்லை என்று வெளிப்படையாகக் குற்றம் சாட்டினார். அரையிறுதி ஒன்று இரண்டு நாட்களுக்குப் பிளந்து, இறுதியாட்டம் திங்கட்கிழமைக்குத் தள்ளிப்போனது. அதில் போலந்தின் இகா ஸ்வியாடெக், அமெரிக்காவின் ஜெசிகா பெகுலாவை 6-1, 6-0 என்று வென்று மீண்டும் முதலிடம் பிடித்தார். ஓராண்டு முழுவதும் உழைத்து உலகின் முதல் எட்டு இடங்களை எட்டியவர்களுக்கு, அவர்களுடைய சொந்தச் சங்கம் தந்த களம் அது என்பது மன்னிக்க முடியாத அலட்சியம்.

ரியாத்

2024 ஏப்ரலில், அந்த ஆண்டு முதல் 2026 வரை போட்டி ரியாத்தில் நடக்கும் என்று அறிவிக்கப்பட்டது. முதல் ஆண்டின் மொத்தப் பரிசு 1.525 கோடி டாலர். அறிவிப்புக்கு முன்பே, அந்த ஜனவரியில், கிறிஸ் எவர்ட்டும் மார்ட்டினா நவ்ரதிலோவாவும் சேர்ந்து வாஷிங்டன் போஸ்ட் நாளிதழில் எதிர்ப்புக் கட்டுரை எழுதியிருந்தனர். பெண்களை ஆண்களுக்குச் சமமாக நடத்தாத, ஒருபாலுறவைக் குற்றமாகக் கருதும் நாட்டுக்கு, சமத்துவத்துக்காகவே பிறந்த போட்டியைக் கொடுப்பது பின்னடைவு என்பது அவர்கள் வாதம். அமெரிக்காவுக்கான சவூதித் தூதராக இருந்த இளவரசி ரீமா பின்த் பந்தர், இந்த வாதம் சவூதிப் பெண்கள் அண்மையில் கண்டுள்ள முன்னேற்றத்தைப் புறக்கணிக்கிறது என்று மறுத்தார். 2018-ல்தான் அந்நாட்டில் பெண்கள் வண்டி ஓட்டவும் விளையாட்டரங்குக்குச் சென்று ஆட்டம் பார்க்கவும் அனுமதி கிடைத்தது. அரபு உலகின் முதல் பெரும் டென்னிஸ் வீராங்கனையான ஓன்ஸ் ஜபேர், அங்குள்ள சிறுமிகள் உலகின் சிறந்த ஆட்டத்தைக் கண்ணால் பார்ப்பது மாற்றத்துக்கு உதவும் என்று ஆதரித்தார். விலகி நிற்பதால் மாற்றம் வராது, பேசிப் பழகினால்தான் வரும் என்ற கருத்தைப் பில்லி ஜீன் கிங்கும் வெளியிட்டிருந்தார். 1970-ல் ஒரே அணியில் நின்ற மரபு, 2024-ல் இரண்டாகப் பிரிந்து வாதிட்டது. இரு பக்கத்தாரும் நேர்மையாகவே பேசினர்.

முதல் ஆண்டில் தொடக்க நாட்களின் ஆட்டங்கள் பெரும்பாலும் காலி இருக்கைகளுக்கு முன் நடந்தன. இறுதியாட்டம் அப்படி இல்லை. சீனாவின் ஜெங் சின்வென்னை 3-6, 6-4, 7-6 என்று, முதல் செட்டை இழந்த பிறகும் மூன்று மணி நேரத்துக்கு மேல் போராடி வென்றார் இருபது வயதான கோகோ காப். 2025-ல் கஜகஸ்தானின் எலினா ரைபகினா, அக்டோபரின் கடைசி வாரங்களில்தான் தகுதி பெற்று எட்டாவதாக உள்ளே வந்தவர், ஐந்து ஆட்டங்களிலும் தோல்வியே காணாமல், இறுதியில் முதல்நிலை வீராங்கனை சபலென்காவை 6-3, 7-6 என்று வென்றார். அதற்கு அவர் பெற்றது 52.35 லட்சம் டாலர். அதே ஆண்டு அமெரிக்க ஓபன் பட்டத்துக்குக் கிடைத்த 50 லட்சத்தைவிடவும் கூடுதல்.

ஆடுகளத்தின் தரத்திலோ ஆட்டத்தின் தரத்திலோ ரியாத்தில் குறை சொல்ல இடமில்லை. குறை வேறிடத்தில் இருக்கிறது. சிகரெட் நிறுவனமும் அழகுசாதன நிறுவனமும் வங்கியும் சீன நில வணிக நிறுவனமும் சவூதி அரசு நிதியமும் மாறி மாறித் தாங்கிய ஒரு போட்டி, தன் ரசிகர்களின் நுழைவுச்சீட்டிலும் தொலைக்காட்சி உரிமையிலும் நிற்கும் வலிமையை நியூயார்க் காலத்துக்குப் பிறகு பெறவே இல்லை. 2023-ல் சி.வி.சி. என்ற முதலீட்டு நிறுவனம் 15 கோடி டாலர் கொடுத்து டபிள்யூ.டி.ஏ.-வின் வணிகப் பிரிவில் ஐந்தில் ஒரு பங்கை வாங்கியபோது, முக்கியமான போட்டிகளில் ஆண்களுக்குச் சமமான பரிசை 2027-லும் மற்ற பெரிய போட்டிகளில் 2033-லும் எட்டுவது என்று சங்கம் காலக்கெடு வகுத்தது. அந்தக் கெடுவுக்குள் ஆண்டிறுதிப் போட்டியின் இடத்தை மூன்றாண்டு ஏலமாகவே வைத்திருந்தால், அடுத்த நெருக்கடியில் இன்னொரு கான்கூன் நேர்வதைத் தடுக்க எதுவும் இருக்காது.

மகளிர் மட்டும் ஆடும் போட்டி ஓரிடத்தில் வேரூன்ற முடியாது என்று சொல்லப்படுவதை மறுக்க இரண்டு ஊர்கள் போதும். 1973-ல் தென் கரோலினாவில், ஒரு லட்சம் டாலர் பரிசுடன் தொடங்கி, ரோசி கசால்ஸ் முதல் பட்டம் வென்ற போட்டி, 2001 முதல் அதே மாநிலத்தின் சார்ல்ஸ்டன் நகரில் பச்சைக் களிமண் களத்தில் ஆண்டுதோறும் நடந்துவருகிறது. ஜெர்மனியில் 1978-ல் ஃபில்டர்ஸ்டாட்டில் தொடங்கி, 2006-ல் பக்கத்து நகரமான ஸ்டுட்கார்ட்டுக்கு வந்த உள்ளரங்குப் போட்டியில், வெற்றியாளருக்குக் கோப்பையோடு அந்த ஊர் நிறுவனமான போர்ஷேயின் காரும் கொடுக்கிறார்கள். இரண்டும் ஆண்டிறுதிப் போட்டியின் பரிசில் சிறு பங்கையே தருபவை. ஆயினும் அங்கே ஆடும் வீராங்கனைகளின் பெயர்கள் உள்ளூர் மக்களுக்குத் தெரியும், நாட்காட்டியில் அந்த வாரம் எப்போது வரும் என்பதும் தெரியும். 2027-க்கான இடத்தை முடிவு செய்யும் மேசையில், யார் எவ்வளவு தருவார்கள் என்ற பட்டியலுக்குப் பக்கத்தில், குறைந்தது பத்து ஆண்டுகள் என்ற நிபந்தனையும், களம் ஒரு வாரம் முன்பே பயிற்சிக்குத் திறக்கப்பட வேண்டும் என்ற விதியும், வீராங்கனைகள் அவையின் வாக்கும் இடம்பெற வேண்டும்.